மாட்டுத் தீவனம் படித்தவர் புலிக்கு உணவுப் பட்டியல் போடலாமா?

கேள்வி: கால்நடை மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எல்லோரும் அறுவைச் சிகிச்சை, மருத்துவம் என்று சொல்லும்போது எனக்கு மட்டும் ஊட்டச்சத்துப் பாடம்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி. நாய், பூனைகளுக்கும் பூங்காக்களில் இருக்கும் வன விலங்குகளுக்கும் உணவு வகுக்கும் வேலைக்குப் போக எனக்கு ஆசை. அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறதா? முதுநிலையில் ஊட்டச்சத்தியல் எடுப்பதா, வன உயிரியல் எடுப்பதா? இணையத்தில் ஆறு வாரத்தில் ‘செல்லப்பிராணி உணவு நிபுணர்’ என்று சான்றிதழ் தருகிறார்கள், சேரலாமா? அப்பா, ‘நாய்க்குச் சோறு வைக்க அஞ்சரை வருஷப் படிப்பு போதாதா, இன்னும் படிக்கணுமா?’ என்கிறார். என் தோழி பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறாள். அவளும் இந்தப் பக்கம் வர முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, சேலம் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டமான எம்.வி.எஸ்சி.யில் விலங்கு ஊட்டச்சத்தியலையே எடுங்கள். செல்லப்பிராணிக்கு ஒன்று, பூங்கா விலங்குக்கு ஒன்று என்று தனிப் பட்டம் தேடிக் காலத்தைக் கழிக்க வேண்டாம். வன உயிரியலும் நல்ல துறைதான். மயக்க ஊசி போடுவது, நோய் கண்டறிவது, பிடித்து இடம் மாற்றுவது, பிரேதப் பரிசோதனை, வனச் சட்டம் என்று அங்கே கற்க நிறைய உண்டு. ஆனால் உங்களுக்குப் பிடித்தது உணவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு தீவனத்தில் என்ன இருக்கிறது என்று ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கவும், ஒரு விலங்குக்கு என்ன தேவை என்று கணக்குப் போடவும், அந்தக் கணக்கு சரிதானா என்று செரிமானச் சோதனை (தின்றதில் எவ்வளவு செரித்தது என்று அளப்பது) வைத்துப் பார்க்கவும் முறையாகச் சொல்லித்தரும் இடம் ஊட்டச்சத்தியல் துறைதான். விலங்கை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

மாடும் கோழியும்தான் வருகின்றன என்ற உங்கள் குறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுநாள் ஏதாவது ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் போய் நின்றால் தெரியும். முதல் நாள் பாசமாக ஊட்டிய பொங்கல், வாழைப்பழம், ஊறவைத்த அரிசி எல்லாம் தின்ற மாடு அசைபோடாமல் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். இடது விலாவைத் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புவது தெரியும். சாணம் நீர்த்து, புளித்த வாடை அடிக்கும். ருமென் என்னும் முதல் இரைப்பை அறைக்குள் மாவுச்சத்து மளமளவென்று நொதித்து லாக்டிக் அமிலம் பெருகிவிட்டது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் செத்துப்போகின்றன. இதை நீங்கள் பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையின் கருமந்திக்கு வாருங்கள். அது குரங்குதான், ஆனால் இலை தின்னும் குரங்கு. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முன் அறைகளில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்த பிறகுதான் உணவு அமிலம் சுரக்கும் பகுதிக்குப் போகிறது. அசைபோடுவதில்லை என்றாலும் வயிற்றுக்குள் நடப்பது ஏறக்குறைய மாட்டில் நடப்பதுதான். குரங்குதானே என்று அதற்குத் தினமும் வாழைப்பழமும் ரொட்டியும் கொடுத்தால் என்ன ஆகும்? உப்புசம், கழிச்சல், மெலிவு. பொங்கல் தின்ற மாட்டுக்கு வந்த அதே நோய்.

அதே மலையில் சோலைமந்தி இருக்கிறது. நாம் சிங்கவால் குரங்கு என்று சொல்வது. அதற்கும் கறுப்பு உடல்தான், ஆனால் வயிறு வேறு. ஒற்றை இரைப்பை, கன்னத்தில் உணவைச் சேர்த்துவைக்கப் பை, பழம், பூச்சி, விதை என்று கலந்து தின்னும் வாழ்க்கை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் இரண்டையும் நீங்கள் பார்க்கலாம். ஒரே வாளியில் இருந்து இரண்டுக்கும் அள்ளிப் போட முடியாது என்பதை மாட்டையும் ஒற்றை இரைப்பை கொண்ட பன்றியையும் ஒழுங்காகப் படித்தவர் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்.

உலகத்தில் பூங்கா விலங்குகளுக்கு உணவு வகுப்பவர்கள் செய்வதும் இதுதான். ஆயிரக்கணக்கான உயிரினங்களுக்கும் தனித்தனியாக ‘இத்தனை கிராம் புரதம் தேவை’ என்று யாரும் ஆராய்ந்து வைக்கவில்லை. குடல் அமைப்பைப் பார்த்து, அதற்கு நெருங்கிய வீட்டு விலங்கின் அளவுகளில் இருந்து தொடங்குகிறார்கள். மானுக்கும் காட்டெருதுக்கும் மாடு, ஆடு. யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் குதிரை. புலி, சிறுத்தைக்குப் பூனை. செந்நாய்க்கு நாய். மயிலுக்குக் கோழி. தொடங்குவதற்குத்தான் இது, முடிவுக்கு அல்ல. கறுப்புக் காண்டாமிருகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு ஒத்துக்கொள்ளும் தீவனம் கொடுத்தால் அதன் உடலில் இரும்புச்சத்து தேவைக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. காட்டில் அது தழை மேயும் விலங்கு. மைனா இனப் பறவைகளுக்கும் கூண்டில் இதே இரும்புத் தொல்லை உண்டு. வீட்டு விலங்கின் கணக்கு எங்கே பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் ருசி இருக்கிறது. அதற்கு முதலில் அந்த வீட்டு விலங்கைத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் பெய்ன்டன் உயிரியல் பூங்காவில் 2014இல் குரங்குகளுக்கு வாழைப்பழம் கொடுப்பதை நிறுத்தியது உலகம் முழுக்கச் செய்தியானது. நாம் கடையில் வாங்கும் பழம் மனிதன் வாய்க்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பழம். சர்க்கரை கூடுதல், நாரும் புரதமும் குறைவு. காட்டுப் பழத்துக்கு அது மாற்று ஆகாது என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பழத்தைக் குறைத்துக் காய்கறியும் கீரையும் கொடுத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தவுடன் உங்கள் கை தானாகக் கணக்குப் போடத் தொடங்கினால், நீங்கள் சரியான துறையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

அடுத்து, இந்த வேலை எங்கே நடக்கிறது என்று சொல்ல வேண்டும். பலரும் இதை மேசையில் உட்கார்ந்து பட்டியல் எழுதும் வேலை என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பூங்காவின் சமையல் கூடத்துக்குக் காலையில் போய் நில்லுங்கள். சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கும்: ஆப்பிள் இவ்வளவு, கேரட் இவ்வளவு, பீன்ஸ், முளைகட்டிய பயறு, கீரை, அவித்த முட்டை. தாளில் பார்த்தால் எல்லாச் சத்தும் சரியாக இருக்கும். வாளி கூண்டுக்குள் போனதும் கதை மாறிவிடும். கூட்டத்தின் பெரிய ஆண் முதலில் வந்து பழத்தையும் முட்டையையும் எடுத்துக்கொள்ளும். அடுத்த நிலையில் இருப்பவை பயறைப் பொறுக்கும். கடைசியில் வரும் இளம் பெண்ணுக்கு மிஞ்சுவது கேரட்டும் பீன்ஸும். ஆக, பட்டியல் ஒன்று, உள்ளே போன உணவு மூன்று. பெரியதுக்குத் தொந்தி விழுகிறது, சின்னதுக்கு முடி கொட்டுகிறது. இரண்டும் ஒரே கூண்டு.

அதனால் பூங்காவில் முதல் வேலை தராசுதான். கொடுத்ததை வகை வகையாக நிறுக்க வேண்டும். மறுநாள் காலை மிச்சத்தையும் வகை பிரித்து நிறுக்க வேண்டும். வெயிலில் காய்ந்து எடை குறைந்திருக்கும் என்பதால், கொடுத்ததிலும் மிச்சத்திலும் கொஞ்சம் எடுத்து அடுப்பில் 100 டிகிரியைத் தாண்டிய சூட்டில் உலர்த்தி, உலர்பொருள் கணக்கில்தான் கழிக்க வேண்டும். எச்சத்தையும் பார்க்க வேண்டும்: இறுகலா, தளர்வா, செரிக்காத விதை இருக்கிறதா. எந்த விலங்கு எதை எடுத்தது என்பதைக் காப்பாளரிடம் கேட்டால் போதும், பெயர் சொல்லி அடுக்கிவிடுவார். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கருவி எதுவும் அதைத் தராது. பட்டியலை மாற்றும் முன் இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வைத்துப் பாருங்கள், பழத்தைப் பொடியாக நறுக்கிக் கீரையோடு கலந்து பாருங்கள். பல சமயம் உணவை மாற்றவே தேவையிருக்காது, வைக்கும் விதத்தை மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்.

யானையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காட்டுக்கு வெளியே வளரும் வன விலங்கு என்றால் கோயில் யானைதான் முதலில் நினைவுக்கு வரும். யானை பின்குடலில் நொதிக்கவைக்கும் விலங்கு. தின்றதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட, தரம் குறைந்த நாரை மூட்டை மூட்டையாக நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க அதன் உடம்பு அமைந்திருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை உலர்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நான்கு டன் யானைக்குப் பசுந்தீவனமாக 150 கிலோவுக்கு மேல் ஆகிறது. முதுமலை தெப்பக்காடு முகாமில் கேழ்வரகும் அரிசியும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம், உப்பு, தேங்காய், தாது உப்புக் கலவை சேர்த்து உருட்டிப் பாகன்கள் ஊட்டுவதைச் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்ப்பார்கள். அங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த யானைகள் மற்ற நேரத்தில் காட்டுக்குப் போய்ப் புல்லும் பட்டையும் மூங்கிலும் மேய்கின்றன. உருண்டை அவற்றுக்குக் கூடுதல் சத்து மட்டும்தான். கோயிலில் உருண்டை மட்டும் இருக்கிறது, காடு இல்லை. அதோடு பக்தர்கள் நீட்டும் வாழைப்பழம், வெல்லம், தேங்காய். சிமெண்டுத் தரையில் நின்றே பொழுதைக் கழிக்கும் யானைக்கு எடை கூடினால் அந்தப் பாரம் முழுக்கப் பாதத்தில்தான் இறங்குகிறது. அங்கே ஊட்டச்சத்து நிபுணர் செய்ய வேண்டியது, பாகனோடும் கோயில் நிர்வாகத்தோடும் உட்கார்ந்து, பசுந்தீவனம் எங்கிருந்து வரும், யார் வெட்டுவார், கோடையில் என்ன செய்வது என்று பேசி முடிப்பது. பக்தர் கொண்டுவரும் பழத்துக்குப் பதிலாக ஒரு கட்டுப் புல்லோ தென்னை மட்டையோ காணிக்கையாக வாங்கச் சம்மதிக்க வைக்க முடிந்தால், அதைவிடப் பெரிய சிகிச்சை வேறில்லை.

நாய், பூனைக்கு வருகிறேன். இங்கே வேலை இன்னும் நெருக்கமானது, எதிரே உட்கார்ந்திருப்பவர் அதன் அம்மாவோ அப்பாவோ போலத்தான் பேசுவார்.

அடிக்கடி மேசைக்கு வரும் ஒன்றைச் சொல்கிறேன். நான்கு மாத லாப்ரடார் குட்டி. ‘நல்லா சாப்பிடறான் டாக்டர், தினமும் எலும்பில்லாத சிக்கன், சாதம், கொஞ்சம் ஈரல்’ என்பார்கள். குட்டி பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் முன்னங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து, பாதம் தட்டையாக விரிந்திருக்கும். முதுகைத் தொட்டால் கத்தும். சோபாவில் இருந்து குதித்ததற்கே எலும்பு முறிந்திருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பின் நிழல் சுற்றியுள்ள சதையின் நிழலைவிடக் கொஞ்சம்தான் வெளுத்திருக்கும். காரணம் எளிய கணக்கு. 100 கிராம் எலும்பில்லாத கோழியில் கால்சியம் பத்து, பதினைந்து மில்லிகிராம், பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில். குட்டிக்கு வேண்டியதோ பாஸ்பரஸைவிடச் சற்றுக் கூடுதலான கால்சியம். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் உடல் எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

இதே நோய்தான் 19ஆம் நூற்றாண்டில் லண்டன் உயிரியல் பூங்காவின் சிங்கக் குட்டிகளைக் கொன்றுகொண்டிருந்தது. எலும்பைக் கடிக்க முடியாத குட்டிகளுக்கு வெறும் குதிரைக் கறியைக் கொடுத்தார்கள். 1889இல் ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற அறுவை மருத்துவர் பொடித்த எலும்பும் மீன் எண்ணெயும் பாலும் சேர்க்கச் சொன்னார். குட்டிகள் தேறின. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. லண்டன் சிங்கத்துக்கும் உங்கள் பக்கத்து அடுக்ககத்து லாப்ரடாருக்கும் ஒரே கணக்குதான்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாக் குட்டிக்கும் கால்சியம் சிரப் எழுதிவிடக் கூடாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டின. கூடுதல் கால்சியம் கொடுத்தால் சின்னக் குட்டியின் குடல் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை, எலும்பு வளர்ச்சி கோணிவிடுகிறது. முழுமையான நல்ல குட்டித் தீவனம் தின்னும் பெரிய இன நாய்க்கு மேலே ஒரு பாட்டில் சிரப் என்பது உதவி அல்ல, கேடு. வீட்டுச் சாப்பாடு தின்னும் குட்டிக்குக் கால்சியம் வேண்டும். அதற்கு நன்றாகப் பொடித்த முட்டை ஓடே போதும், ஒரு முட்டையின் ஓட்டில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையும் மற்ற உணவும்தான் சொல்லும்.

நாய்க்குச் சோறே ஆகாது என்று இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அதை நம்பாதீர்கள். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணுப் பிரதிகள் கூடுதல் என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய விலங்கு அது. தயிர் சாதம் மட்டும் போட்டால் புரதமும் கொழுப்பும் தாதுவும் போதாது, அவ்வளவுதான்.

பூனையிடம் அந்த நெகிழ்வு கிடையாது. பூனைக்கு இறைச்சி கட்டாயம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு செய்துகொள்ளாது. வைட்டமின் ஏ-வை கேரட்டில் இருந்து எடுத்துக்கொள்ள அதற்கு முடியாது. அர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரு வேளை உணவே ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிவிடும். 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், இதயம் விரிந்து நலிந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் அந்த இதயங்கள் மீண்டன. அந்தப் பூனைகள் தின்றது கடைத் தீவனம்தான், அன்றைய அளவுகோலின்படி முழுமையானது என்று விற்கப்பட்டதுதான். நம் வீடுகளில் தலைமுறையாகப் பால் சோறு தின்று பூனை வாழ்ந்ததே என்று கேட்பார்கள். அது பால் சோற்றில் மட்டும் வாழவில்லை. ஓட்டு வீட்டில் எலி இருந்தது, பல்லி இருந்தது, கொல்லையில் தவிட்டுக்குருவி இருந்தது. எட்டாவது மாடியில் ஜன்னலுக்கு வலையடித்த வீட்டில் வளரும் பூனைக்கு நாம் வைக்கும் தட்டு மட்டும்தான் உலகம். சைவக் குடும்பங்களில் இதைச் சொல்லும்போது மனம் நோகாமல், ஆனால் ஒளிக்காமல் சொல்லப் பழகுங்கள்.

ஆய்வகப் பாடத்தை அலுப்பாகப் படித்திருந்தால் திரும்பப் படியுங்கள். 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனங்களைப் பெருமளவில் திரும்பப் பெற்றார்கள். சிறுநீரகம் பழுதாகி விலங்குகள் இறந்தன. சீனாவில் இருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது. ஏன் கலந்தார்கள்? கச்சாப் புரதம் என்று நாம் எழுதுவது புரதத்தை நேராக அளந்து அல்ல. நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறோம். மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கணக்குப் போட்டால் அது 400 சதவீதத்துக்கு மேல் ‘புரதம்’ காட்டும். கல்லூரியில் நைட்ரஜனை அளக்கச் செய்த அந்தக் கெல்டால் சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த மோசடி புரியும்.

இன்னொன்று, கடை அலமாரி முன் நின்றாலே பயன்படும். டின் உணவில் புரதம் 10 சதவீதம், ஈரம் 78. உலர் தீவனத்தில் புரதம் 24, ஈரம் 10. எதில் புரதம் அதிகம்? தண்ணீரைக் கழியுங்கள். டின்னில் 22 பங்கு உலர்பொருளில் 10, அதாவது 45 சதவீதம். உலர் தீவனத்தில் 90இல் 24, அதாவது 27க்கும் கீழே. பசுந்தீவனத்தையும் வைக்கோலையும் ஒப்பிட நீங்கள் இரண்டாம் ஆண்டில் கற்ற அதே கணக்கு.

இனி எங்கே படிப்பது என்று சொல்கிறேன். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு எம்.வி.எஸ்சி. இருக்கிறது. வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஊட்டச்சத்தியல் துறையும் வன உயிரியல் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது உங்களுக்கு வசதி. ஒன்றில் சேர்ந்து மற்றொன்றின் ஆசிரியரை ஆய்வுக் குழுவில் கேட்டுப் பெறலாம். வடக்கே பரேலிக்கு அருகே இஸட்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் நாய், பூனை, பூங்கா விலங்குகளின் உணவைப் பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதற்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முடிந்தால் அதற்கே முயலுங்கள் என்பது என் விருப்பம். பெங்களூரில் தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் இருக்கிறது, ஆய்வகத் திறன் வளர்க்க நல்ல இடம்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஆய்வேட்டுத் தலைப்பை முடிவு செய்யும் முன்பே வழிகாட்டியிடம் உங்கள் ஆசையைச் சொல்லிவிடுங்கள். நாய்க் காப்பகம் ஒன்றிலோ பூங்காவிலோ செரிமானச் சோதனை செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், வனத்துறையின் அனுமதியும் வேண்டும். அதற்கே மாதங்கள் ஓடிவிடும். தாமதமாகச் சொன்னால் கையில் இருக்கும் கோழித் தலைப்புதான் கிடைக்கும்.

இப்போதே படிக்க மூன்று கைந்நூல்கள் போதும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2006இல் வெளியிட்ட நாய், பூனைகளின் சத்துத் தேவை பற்றிய நூல். ஐரோப்பியச் செல்லப்பிராணித் தீவனக் கூட்டமைப்பின் வழிகாட்டி, இது இணையத்தில் இலவசம். மூன்றாவது நம் நாட்டுடையது: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இல் வெளியிட்ட வரிசையில் செல்லப்பிராணி, ஆய்வக விலங்கு, வளர்ப்பில் உள்ள வன விலங்கு ஆகியவற்றுக்கென்றே ஒரு தொகுதி இருக்கிறது. உங்கள் கல்லூரி நூலகத்தில் கேளுங்கள்.

வெளிநாடு போக நினைத்தால், ஐரோப்பாவில் கால்நடை மற்றும் ஒப்பீட்டு ஊட்டச்சத்துக்கான சிறப்பு மருத்துவர் பயிற்சி உண்டு. கால்நடை மருத்துவராக இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். பல ஆண்டுப் பயிற்சி, கட்டுரைகள், தேர்வு என்று நீளமான பாதை. எம்.வி.எஸ்சி. முடித்துவிட்டு யோசியுங்கள்.

ஆறு வாரச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வார்கள். சிறுநீரக நோய், சர்க்கரை நோய், கல்லடைப்பு உள்ள விலங்குக்கு உணவு எழுதுவது சிகிச்சை. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர் செய்ய வேண்டிய வேலை அது. அந்தப் பதிவு இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் கைக்கு வரப்போகிறது. சட்டத்தைப் பேசும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களிடம் பச்சைக்கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் உணவுப் பட்டியல் கேட்டு வருவார்கள். இரண்டையும் வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விலங்கு துன்பத்தில் இருந்தால் சிகிச்சை கொடுங்கள், வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் கேள்வியில் உள்ள கவலை நியாயமானது, சம்பளத்தைப் பற்றியது. அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நம் பூங்காக்களில் உணவுப் பட்டியலைப் பெரும்பாலும் அங்கே உள்ள கால்நடை மருத்துவரே பார்த்துக்கொள்கிறார். அதற்கென்று தனிப் பதவி வரும் என்று காத்திருந்து குடும்பம் நடத்த முடியாது. ஆனால் ஊட்டச்சத்தியலில் எம்.வி.எஸ்சி. வைத்திருப்பவருக்குக் கோழித் தீவன ஆலைகள் இருக்கின்றன. நாமக்கல் உங்கள் மாவட்டத்துக்கு அடுத்த வீடு, சொல்லவே வேண்டாம். மாட்டுத் தீவன நிறுவனங்கள், செல்லப்பிராணித் தீவன நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி, அரசுப் பணி எல்லாம் உண்டு. ஊட்டச்சத்தியல் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தீவன ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பூங்காவுக்கோ கோயில் யானைக்கோ உணவு வகுத்துக் கொடுக்கலாம். நகரங்களில் நாய், பூனைக்கு உணவு ஆலோசனை மட்டுமே சொல்லும் நேரம் என்று வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கும் மருத்துவமனையில் சேரலாம், அப்படி ஒன்று இல்லையென்றால் நீங்களே தொடங்கச் சொல்லலாம்.

தோழியும் வரலாம், வேறு வாசல் வழியாக. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. காட்டில் கருமந்தி எந்த மாதம் எந்த மரத்தின் தளிரைத் தின்கிறது, எதைத் தொடாமல் விடுகிறது, அந்த இலையில் நாரும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் எவ்வளவு என்று அவர் சேகரித்துத் தந்தால்தான் பூங்காவில் நீங்கள் சரியான பட்டியல் போட முடியும். இப்படிப்பட்ட தரவு நம் விலங்குகள் பலவற்றுக்கு இன்னும் போதவில்லை. இரண்டு பேரும் ஒரே விலங்கைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் உள்ள ஐந்தாறு வீட்டு நாய்கள் ஒரு வாரம் என்னென்ன தின்றன என்று எழுதி வாங்குங்கள். பிஸ்கட், டீயில் தோய்த்த ரொட்டி, பாட்டி ஒளித்துக் கொடுத்தது எல்லாம் வர வேண்டும். கிலோவில் எடுத்த எடையின் முக்கால் அடுக்கை (0.75ஆம் படியை) 70ஆல் பெருக்கினால் ஓய்வில் ஒரு நாளைக்குத் தேவையான கலோரி வரும். 10 கிலோ நாய்க்கு 400க்குச் சற்றுக் கீழே. ஒரு மேரி பிஸ்கட்டில் இருபது, இருபத்தைந்து கலோரி என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தனி வரிசையில் போடுங்கள். முதுநிலை நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.